கடைத்தொகுதியில் கூண்டுகள்: காட்சிப்பொருளாகும் உயிர்கள்

பொருள் வாங்குவதற்காகக் கடைக்குச் செல்வது என்ற நிலை மாறி, பொழுதைக் கழிப்பதற்காகக் கடைத்தொகுதிக்குச் செல்வது என்ற வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. குளிரூட்டப்பட்ட பெரும் வணிக வளாகங்களில் திரையரங்கு, உணவகம், சிறுவர் விளையாட்டிடம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வருவோரை நெடுநேரம் தங்கவைக்கும் ஏற்பாடுகள் பெருகியுள்ளன. இவ்வேற்பாடுகளின் வரிசையிலேயே சில நாடுகளில் உயிருள்ள விலங்குகளும் இடம்பெற்றுள்ளன. துணிக்கடைக்கும் பொம்மைக்கடைக்கும் மேலே ஒரு மாடியில் கொரில்லாவும், ஓர் உணவகத்துக்கு அருகே துருவக் கரடியும் காட்சிக்கு வைக்கப்பட்டமை கதையல்ல, நடந்த வரலாறாகும்.

திருகோணமலை வாசகருக்கு இது தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். அன்புவழிபுரத்திலோ, நகரின் கடைத்தெருக்களிலோ அத்தகைய காட்சிச்சாலையை நாம் கண்டதில்லை. ஆயினும் 2019 ஆம் ஆண்டு கொழும்பு காலிமுகத்திடலில் பெரும் வணிக வளாகம் ஒன்று திறக்கப்பட்டதிலிருந்து நாட்டின் நுகர்வுப் பண்பாடு எத்திசையில் நகர்கின்றது என்பதை ஊகிப்பது கடினமன்று. கிண்ணியா, மூதூர், தோப்பூர் முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நிமித்தம் சென்ற எம்மவரில் பலர், 2008 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டுபாய் வணிக வளாகத்தில் ஒரு கோடி லீற்றர் நீர் கொண்ட மீன் காட்சித் தொட்டியை நேரில் கண்டு வியந்தவர்களே. இன்று அங்கே கண்டு வியப்பது நாளை இங்கே முதலீட்டுத் திட்டமாக வந்து சேரலாம். கூண்டு வந்தபின் அதை அகற்றுவது எத்துணை கடினம் என்பதை உலக அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது. ஆகவே கூண்டு வருமுன் இவ்விடயத்தை ஆராய்வது பயனுள்ளதாகும்.

மேல்மாடியில் 'சின்னத் தாமரை'

இவ்வகைக் காட்சிச்சாலைகளுள் உலகம் நன்கறிந்தது தாய்லாந்தின் தலைநகரான பாங்கொக்கில் உள்ளது. பாத்தா என்னும் பல்பொருள் அங்காடியின் ஆறாம், ஏழாம் மாடிகளில் 1983 ஆம் ஆண்டு மிருகக்காட்சிசாலை ஒன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அது நகர மக்களுக்குப் புதுமையாக இருந்தது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறினால் குரங்குகளையும், பாம்புகளையும், பறவைகளையும் காணலாம். இறங்கி வரும் வழியில் வீட்டுக்குத் தேவையான பொருட்களையும் வாங்கலாம். வியாபாரத்துக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு என்ன இருக்க முடியும்?

அங்கு வைக்கப்பட்டிருந்த கொரில்லாவின் பெயர் புவா நொய். தாய் மொழியில் 'சின்னத் தாமரை' என்பது அதன் பொருள். குட்டியாக வந்த அந்தப் பெண் கொரில்லா, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கம்பிகளுக்கும் கண்ணாடிக்கும் பின்னே சீமெந்துத் தரையில் வாழ்ந்து வந்தது. அதனுடன் இருந்த ஆண் கொரில்லா இறந்தபின் தன்னினத்துத் துணை எதுவும் அதற்கு இல்லாமற் போயிற்று. பன்னாட்டு விலங்குநல அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பின. 2020 இல் அமெரிக்கப் பாடகி ஷேர் தாய்லாந்து அரசுக்கு வேண்டுகோள் விடுத்தார். எனினும் கதவு திறக்கப்படவில்லை.

கொரில்லாவின் இயல்பை அறிந்தால்தான் இதன் கொடுமை விளங்கும். முதுகில் வெள்ளி நிற ரோமம் படர்ந்த ஓர் ஆண், பல பெண்கள், குட்டிகள் என்று குடும்பமாக வாழும் இனம் அது. காட்டில் நாள்தோறும் நடந்து இலை, தண்டு, பழம் தேடி உண்ணும். மாலையானால் இலைகளையும் கிளைகளையும் வளைத்துத் தனக்கொரு படுக்கையை அமைத்துக்கொள்ளும். அடுத்த நாள் வேறோர் இடத்தில் புதிய படுக்கை. இவ்வாறு நடத்தலும், தேடலும், கூடி வாழ்தலும், கூடு அமைத்தலுமே அதன் வாழ்க்கை. இவை அனைத்தையும் நீக்கிவிட்டு, வேளைக்கு உணவு மட்டும் கொடுத்து ஓர் அறையில் அமர்த்தினால் உடல் உயிரோடிருக்கும். ஆனால் அது கொரில்லாவாக வாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை.

அன்பும் போதவில்லை

'வளர்ப்பவர் அன்பாக நடத்தினால் என்ன குறை?' என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு அமெரிக்காவில் வாழ்ந்த ஐவன் என்ற கொரில்லாவின் வரலாறு விடையளிக்கின்றது. 1960களின் நடுப்பகுதியில் ஆபிரிக்காவின் கொங்கோப் பகுதியில் குட்டியாகப் பிடிக்கப்பட்ட ஐவன், வொஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் இருந்த பி அன்ட் ஐ என்னும் கடைத்தொகுதிக்காக வாங்கப்பட்டது. தொடக்கத்தில் அது ஒரு வீட்டில், அக்குடும்பத்தின் குழந்தையைப் போலவே வளர்க்கப்பட்டது. அங்கே அன்புக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால் வளர்ந்த கொரில்லாவை எந்த வீடு தாங்கும்? 1967 இல் அது கடைத்தொகுதியின் சீமெந்துக் கூண்டுக்குள் விடப்பட்டது. அடுத்த 27 ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. அக்காலம் முழுவதும் இன்னொரு கொரில்லாவை அது பார்த்ததில்லை.

1990களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று ஐவனின் நிலையை நாடறியச் செய்தது. மக்கள் எதிர்ப்பு வலுத்தது. கடைத்தொகுதியும் நிதி நெருக்கடிக்குள்ளாகியது. இறுதியில் 1994 இல் ஐவன் அங்கிருந்து விடுவிக்கப்பட்டு அட்லாண்டா உயிரியல் பூங்காவுக்குச் சென்றது. அங்கே புல்தரையில் கால் பதிக்கவும், தன்னினத்தோடு பழகவும் அதற்கு வாய்ப்புக் கிட்டியது. 2012 ஓகஸ்ட் மாதம் ஏறத்தாழ 50 வயதில் அது இறந்தது. அதே ஆண்டில் அதன் வாழ்வைத் தழுவிய சிறுவர் நாவல் ஒன்று வெளியாகி உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் இரு பாடங்கள் உள்ளன. நடுவயதைக் கடந்த விலங்கையும் இடம் மாற்ற முடியும் என்பது ஒன்று. வளர்ப்பவரின் அன்பு, விலங்கின் தேவைக்கு ஈடாகாது என்பது மற்றொன்று. அன்பு மனிதரின் உணர்ச்சி. இடமும், இனமும், வெளிச்சமும் விலங்கின் தேவைகள். முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதைப் பறிப்பதை நீதி என்று கொள்ள முடியாது.

கொரில்லாவுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. கனடாவின் மேற்கு எட்மன்டன் வணிக வளாகத்துக்கு 1980களின் நடுப்பகுதியில் நான்கு டொல்பின்கள் கொண்டுவரப்பட்டன. அவை ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. எஞ்சியிருந்த கடைசி டொல்பின் 2004 இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டது. சீனாவின் குவாங்சோ நகரில் 2016 இல் வணிக வளாகம் ஒன்றுக்குள் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையில் பீட்சா என்று பெயரிடப்பட்ட துருவக் கரடி வைக்கப்பட்டது. கண்ணாடிக்கு வெளியே மக்கள் கைத்தொலைபேசியை உயர்த்திப் படமெடுக்க, உள்ளே அக்கரடி தலையை ஆட்டியவாறு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. 'உலகின் மிகத் துயரமான துருவக் கரடி' என்று ஊடகங்கள் அதனை அழைத்தன. எதிர்ப்பு வலுத்ததையடுத்து அதே ஆண்டு நவம்பரில், வளாகத்தைத் திருத்தியமைக்கும் காலத்துக்கென்று கூறி, அது பிறந்த இடமான தியன்ஜின் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது.

தலையை ஆட்டுவதும், ஒரே தடத்தில் இடைவிடாது நடப்பதும் விளையாட்டல்ல. சிறைப்பட்ட விலங்குகளின் மனநெருக்கடியைக் காட்டும் அறிகுறிகள் என்றே விஞ்ஞானிகள் அவற்றைக் கொள்கின்றனர். 2003 இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான கட்டுரையொன்று, காட்டில் பரந்த நிலப்பரப்பில் திரியும் ஊனுண்ணிகளிடமே இவ்வறிகுறிகள் மிகுதியாக உள்ளன என்று காட்டியது. துருவக் கரடிக்குக் காட்சிச்சாலைகளில் வழக்கமாகக் கிடைக்கும் இடம், இயற்கையில் அது உலாவும் மிகக் குறைந்த பரப்பில்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே என்றும் அக்கட்டுரை கணித்திருந்தது. பரந்த பூங்காக்களின் நிலையே இதுவாயின், ஒரு சதுர அடிக்கு வாடகை கணக்கிடப்படும் வணிக வளாகத்தின் நிலையை நாம் சொல்லத் தேவையில்லை.

காட்சிச்சாலைக்கும் கடைக்கும் இடையிலான வேறுபாடு

இவ்விடத்தில் நியாயமான வினாவொன்று எழும். அரசாங்க மிருகக்காட்சிசாலைகளிலும் கூண்டுகள் உள்ளன அல்லவா? கடைத்தொகுதியை மட்டும் குறைகூறுவது ஏன்?

மிருகக்காட்சிசாலைகளும் வியாபாரத்தில் பிறந்தவையே. எமது தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் தொடக்கமும் அதுதான். ஜேர்மனியின் ஹம்பர்க் நகர் சார்ந்த விலங்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹேகன்பெக், ஐரோப்பாவுக்கு அனுப்பவிருந்த விலங்குகளைத் தங்கவைக்கும் இடமாக 1920களில் அதை நடத்தினார். பின்னர் அந்நிறுவனம் கலைக்கப்பட, 1936 இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. காலப்போக்கில் உலகெங்கும் காட்சிச்சாலைகளைப் பற்றிய சிந்தனை மாறியது. கல்வி, ஆய்வு, அருகிவரும் இனங்களின் பெருக்கம் ஆகியவை இல்லாத காட்சிச்சாலைக்கு நியாயமில்லை என்ற கருத்து வலுப்பெற்றது. எமது நாட்டிலும் 2015 இல் பின்னவலையில் திறந்தவெளி மிருகக்காட்சிசாலையும், 2016 இல் ரிதியகமவில் சபாரிப் பூங்காவும் திறக்கப்பட்டமை அம்மாற்றத்தின் அடையாளங்களாகும். குறைகள் அங்கும் உள்ளன. ஆயினும் மண்ணும், மரமும், வானமும் உள்ள இடத்தை விரிவாக்கலாம், திருத்தலாம்.

கடைத்தொகுதியில் அத்தகைய திருத்தத்துக்கு இடமில்லை. அங்கே தரை சீமெந்து. கூரைக்கு மேல் இன்னொரு தளம். சூரியன் உதிப்பதும் மறைவதும் மின்விளக்கின் ஆளியைப் பொறுத்தவை. இரவில் அமைதி வேண்டிய விலங்குக்குத் திரையரங்கின் ஓசையும், துப்புரவு இயந்திரத்தின் ஓசையுமே தாலாட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்கு அங்கே வைக்கப்பட்டிருப்பது வாடிக்கையாளரை வரவழைப்பதற்காகவே. வாடிக்கையாளர் வருகை குறைந்தால் விலங்கின் உணவுச் செலவும், மருத்துவச் செலவும் வீண் செலவாகக் கணக்கில் எழுதப்படும். கடை நட்டமடைந்தால் பொருட்களைக் கழிவு விலைக்கு விற்றுவிடலாம். கொரில்லாவை என்ன செய்வது?

தொற்றுநோய் பற்றிய அச்சமும் இதில் உண்டு. மூடிய அறையில், ஒரே காற்றைப் பல நூறு மனிதரும் விலங்கும் சுவாசிக்கும்போது நோய் இரு திசையிலும் பரவ வாய்ப்புண்டு. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இது கண்கூடாகியது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் கொரில்லாக்களுக்கும், அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்கும், எமது தெஹிவளையில் தோர் என்ற சிங்கத்துக்கும் தொற்று உறுதிசெய்யப்பட்டது. வண்டலூரில் உயிரிழப்பும் நேர்ந்தது. திறந்தவெளிப் பூங்காக்களிலேயே இந்நிலை என்றால், குளிரூட்டப்பட்ட மூடிய மாடிகளைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

ஏன் விடுவிக்க முடிவதில்லை?

உலகமே குரல் கொடுத்தும் பாங்கொக் கொரில்லாவை விடுவிக்க முடியாமற் போனது ஏன் என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகும். அதில்தான் எமக்கான படிப்பினை அடங்கியுள்ளது.

முதலாவது தடை உடைமை உரிமை. அழிவுறும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979 இலும், தாய்லாந்து 1983 இலும் அதில் இணைந்தன. ஆனால் அவ்வுடன்படிக்கை நாடுகளுக்கிடையிலான வணிகத்தையே நெறிப்படுத்துகின்றது. எல்லையைக் கடந்து உள்ளே வந்துவிட்ட விலங்கு எத்தகைய அறையில் வாழ்கின்றது என்பது அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. தாய்லாந்தில் விலங்குக் கொடுமைத் தடுப்புக்கெனத் தனிச்சட்டம் 2014 இல்தான் வந்தது. அதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்பே மேல்மாடிக் கூண்டுகள் எழுந்துவிட்டன. தனியார் உடைமையைப் பலவந்தமாகப் பறிக்க இயலாது என்பதே அதிகாரிகளின் நிலைப்பாடாக இருந்தது.

இரண்டாவது தடை விலை. கொரில்லாவை ஒப்படைக்க உரிமையாளர் தரப்பு 30 மில்லியன் பாட், அதாவது ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் அமெரிக்க டொலர் கோருவதாக 2022 ஒக்டோபரில் தாய்லாந்து சுற்றாடல் அமைச்சின் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. நன்கொடை திரட்டி அத்தொகையைக் கொடுத்தால் என்ன என்று மனம் எண்ணும். ஆனால் கூண்டில் வைத்துத் துன்புறுத்திய விலங்குக்கு உலகம் பெருந்தொகை கொடுக்கும் என்ற செய்தி பரவினால், நாளை வேறொருவர் வேறொரு குட்டியைக் கூண்டில் அடைப்பார். மீட்புத் தொகை ஓர் உயிரை விடுவித்து, பல உயிர்களைச் சிறைப்படுத்தும் ஆபத்து இதில் மறைந்துள்ளது.

மூன்றாவது தடை வயது. 'இத்தனை ஆண்டுகள் இங்கே பழகிவிட்டது. வெளியே சென்றால் நோயுற்று இறந்துவிடும்' என்ற வாதம் எல்லாக் கூண்டுகளின் உரிமையாளர்களும் சொல்வதாகும். அதில் ஓரளவு உண்மை உண்டு. நெடுங்காலம் மூடிய அறையில் வாழ்ந்த விலங்கை மருத்துவக் கண்காணிப்பின்றி இடம் மாற்றக் கூடாது. ஆனால் இவ்வாதத்தின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். இளமையில் விடுவிக்க மறுத்தவரே முதுமையைக் காரணம் காட்டுகின்றார். தாமதமே தாமதத்துக்கு நியாயமாகிவிடுகின்றது.

இரு யானைகள் சொல்லும் செய்தி

இத்தடைகளை மீறி நீதி கிடைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றுள் இரண்டு எமது நாட்டோடு நேரடித் தொடர்புடையவை.

1985 இல் இலங்கை பாகிஸ்தானுக்கு ஒரு யானைக்குட்டியை நல்லெண்ணப் பரிசாக வழங்கியது. காவன் என்று பெயரிடப்பட்ட அந்த யானை, இஸ்லாமாபாத் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்தது. 2012 இல் துணை யானை இறந்தபின் தனித்துவிடப்பட்ட காவன், தலையை ஆட்டியவாறே நாட்களைக் கழித்தது. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் அத்தர் மினல்லா வழங்கிய தீர்ப்பு, விலங்குகளுக்கும் சட்டம் காக்க வேண்டிய உரிமைகள் உண்டு என்று கூறியது. இஸ்லாமியப் போதனைகளையும் அத்தீர்ப்பு விரிவாக எடுத்தாண்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் காவன் விமானத்தில் கம்போடியாவின் சரணாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நாம் பரிசாகக் கொடுத்த உயிரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் மீட்டது.

மற்றையது எமக்குப் பெருமை தராத வரலாறு. 2001 இல் தாய்லாந்து இலங்கைக்கு வழங்கிய யானைகளுள் ஒன்று சாக் சுரின். இங்கே அது முத்துராஜா என அழைக்கப்பட்டது. தென்மேற்குக் கரையோர விகாரை ஒன்றில் வைக்கப்பட்டிருந்த அந்த யானையின் உடல்நிலை பற்றிய முறைப்பாடுகள் எழுந்து, 2022 இல் அது தெஹிவளைக்கு மாற்றப்பட்டது. காலில் நெடுநாட் பாதிப்பும் உடலில் புண்களும் இருந்தன. தாய்லாந்து தனது யானையைத் திருப்பிக் கேட்டது. 2023 ஜூலை 2 ஆம் திகதி அது விமானத்தில் தாயகம் திரும்பியது. நடந்தவற்றுக்காக எமது பிரதமர் தாய்லாந்துப் பிரதமரிடம் கவலை தெரிவிக்க நேர்ந்தது. தன் யானைக்காக விமானம் அனுப்பிய அதே நாட்டின் தலைநகரில் ஒரு கொரில்லா மேல்மாடியில் தனித்திருந்தது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய முரண்பாடாகும். பிறர் வீட்டுக் கூண்டு எவருக்கும் எளிதில் தெரிகின்றது. தன் வீட்டுக் கூண்டைக் காணச் சட்டமும் துணிவும் வேண்டியுள்ளன.

எமது சட்டங்களைப் பொறுத்தவரை, 1907 ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தல் தொடர்பான கட்டளைச் சட்டம் உயர்ந்தபட்சத் தண்டமாக விதித்தது நூறு ரூபாவை. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அது ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுக்கும் போதாத தொகை. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்குநலச் சட்டத்துக்கான வரைவை முன்வைத்தது. அதன்பின் அரசாங்கங்கள் மாறின, வரைவும் மேசைக்கு மேசை நகர்ந்தது. 1937 இன் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமோ எமது காட்டுயிர்களைக் காப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு உருவானது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வணிகக் கட்டடத்தில் வைக்கும் விலங்கின் நல்வாழ்வு அன்று எவருடைய சிந்தனையிலும் இருந்திருக்க நியாயமில்லை.

மார்க்கமும் மரபும்

சட்டம் பேசாத இடத்திலும் எமது சமூகங்களின் அறநெறி பேசியுள்ளது. பூனையொன்றை அடைத்துவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை முஸ்லிம் சகோதரர்கள் நன்கறிவர். அவள் அதற்கு உணவு கொடுக்கவுமில்லை, பூமியில் உள்ளவற்றைத் தானே தேடி உண்ண விடவுமில்லை. அதனால் தண்டனைக்குள்ளானாள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவான செய்தி. இதில் ஆழ்ந்த நீதி ஒன்று பொதிந்துள்ளது. ஓர் உயிரை அடைத்துவைத்த கணமே, அது தனக்காகத் தேடிக்கொள்ளக் கூடிய அனைத்துக்கும் அடைத்தவரே பொறுப்பாளியாகிவிடுகின்றார். உணவைத் தேடித் தரலாம். ஆனால் காட்டையும் இனத்தையும் ஓர் அங்காடியின் மேல்மாடியில் எவரால் தேடித் தர இயலும்? பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் உரைப்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

தமிழ் மரபில், குளிரால் நடுங்குகின்றது என்று கருதி மயிலுக்குத் தன் போர்வையை அளித்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றுகின்றோம். பேகன் மயிலைப் பிடித்து அரண்மனைக்குக் கொண்டுசெல்லவில்லை. போர்வையை அதன்மேல் போர்த்தி, மயிலை மயிலின் இடத்திலேயே விட்டுச் சென்றான். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் கொடியை வேரோடு பெயர்த்து எடுத்துச் செல்லவில்லை. உடைமையாக்காமல் உதவுவதையே எம் முன்னோர் கொடை என்றனர். வள்ளுவரும் உணவைப் பகிர்ந்துண்டு பல உயிர்களையும் பேணுவதை அறங்களுள் தலையாயதாக வைத்தார்.

கோட்டை மான்களின் கதை

இனி எமது வாசலுக்கு வருவோம். திருகோணமலை பிரெட்றிக் கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் ஆலயத்தை நோக்கிச் செல்லும் எவரும் அங்கு உலாவும் புள்ளிமான்களைக் காண்பர். நகரின் வீதிகளிலும் கடற்கரையோரத்திலும் அவை கூட்டமாகத் திரிவது எமக்குப் பழகிய காட்சி. கூண்டில்லை, கட்டணமில்லை. குடும்பமாக, கூட்டமாக, தம் இயல்புக்கு ஏற்பவே அவை வாழ்கின்றன. எந்தக் கடைத்தொகுதியும் விலை கொடுத்து வாங்க முடியாத காட்சி எமக்கு வழிநடையில் கிடைக்கின்றது.

ஆனால் அம்மான்களுக்கும் நாம் தீங்கு செய்கின்றோம். உல்லாசப் பயணிகள் பிஸ்கட்டையும் பாணையும் நீட்டுகின்றனர். உணவு மணக்கும் பொலித்தீன் பைகள் வீதியில் வீசப்படுகின்றன. உப்பும் சுவையும் ஒட்டிய பையை மான் மென்று விழுங்குகின்றது. மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதலறையில் தங்கும் பொலித்தீன் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. நாளடைவில் அது பந்தாகத் திரண்டு வயிற்றை அடைக்கின்றது. வயிறு நிறைந்த உணர்வோடு அந்த விலங்கு பட்டினியால் மெலிந்து சாகின்றது. இவ்வாறு மான்கள் இறந்த செய்திகளைத் திருகோணமலை மக்கள் பலமுறை கேட்டிருக்கின்றனர். கிழக்கின் மறுகோடியில், அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது.

இத்தகைய இறப்புகள் நிகழும்போது, மான்களைப் பிடித்து வேலிக்குள் அடைத்தால் பாதுகாப்பாக இருக்கும் என்ற யோசனை எவருக்கும் எழக்கூடும். கேட்பதற்கு அது கருணையாகத் தோன்றும். ஆனால் குற்றம் குப்பையில் இருக்க, தண்டனை மானுக்கா? கூண்டுகள் பெரும்பாலும் பாதுகாப்பு என்ற பெயரிலேயே பிறக்கின்றன. பின்னர் வேலியருகே ஒரு சீட்டு விற்பனைக் கூடம் எழும். அதையடுத்து ஒரு சிற்றுண்டிச்சாலை எழும். முடிவில் மான் எதற்காக அடைக்கப்பட்டது என்பது மறந்துபோகும். நோயுற்ற, காயமுற்ற மான்களுக்குச் சிகிச்சை அளிக்கத் தற்காலிக இடம் தேவை என்பதை ஏற்கலாம். நலமான கூட்டத்தை அடைப்பதற்கு அது சாட்டாகிவிடக் கூடாது.

செய்யத்தக்கவை

1965 இல் பிரித்தானியாவில் பண்ணை விலங்குகளைப் பற்றி ஆராய்ந்த பிரம்பெல் குழுவின் அறிக்கையிலிருந்து வளர்ந்து, 1979 இல் ஐந்து சுதந்திரங்களாக வகுக்கப்பட்ட நெறிகள் இன்று உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன. பசி தாகத்திலிருந்து விடுதலை, இடவசதியின்மையிலிருந்து விடுதலை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை, இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் சுதந்திரம் என்பன அவை. கடைத்தொகுதிக் கூண்டு முதலாவதை நிறைவேற்றலாம், மூன்றாவதை ஓரளவு நிறைவேற்றலாம். ஐந்தாவதை ஒருபோதும் நிறைவேற்ற முடியாது. இந்த அளவுகோலே எமது முடிவுக்குப் போதுமானது.

ஏனைய நாடுகள் சில முன்சென்றுள்ளன. இந்தியா 2013 இல் டொல்பின் காட்சிச்சாலைகளுக்கு அனுமதி மறுத்தது. கனடா 2019 இல் திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் புதிதாகச் சிறைப்படுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் சிங்கம், புலி போன்ற ஆபத்தான விலங்குகளைத் தனியார் செல்லப் பிராணிகளாக வைத்திருப்பதைத் தடைசெய்தது.

எமது நாட்டிலும் வணிகக் கட்டடங்களுக்குள் காட்டு விலங்குகளைக் காட்சிக்கு வைப்பதைத் தெளிவாகத் தடுக்கும் ஏற்பாடு விலங்குநலச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். கட்டட அனுமதி வழங்கும் வேளையிலேயே உள்ளூராட்சி மன்றங்கள் இதனை ஒரு நிபந்தனையாக விதிக்கலாம். கூண்டே இல்லாத இன்று அதற்குச் செலவும் இல்லை, இழப்பீடும் இல்லை. நாளை உரிமையாளர் ஒருவர் தோன்றிவிட்டால் இரண்டும் வேண்டியிருக்கும்.

பொதுமக்களுக்கும் பொறுப்புண்டு. வெளிநாட்டுப் பயணங்களில் இத்தகைய காட்சிச்சாலைகளைக் கண்டால் சீட்டு வாங்காது கடந்து செல்வதே சிறந்த கண்டனமாகும். பாடசாலைகள் பிள்ளைகளுக்கு விலங்குகளைக் காட்ட விரும்பினால், கோட்டையின் மான்களையும், ஹொரவப்பொத்தானை வீதியோரக் குளங்களின் பறவைகளையும் தொலைவிலிருந்து பார்க்கப் பழக்கலாம். கோட்டைக்குச் செல்வோர் பொலித்தீனைத் தம்முடனேயே திருப்பிக் கொண்டுவரலாம். மான்களுக்கு உணவு நீட்டாதிருக்கலாம். இவை எதற்கும் வர்த்தமானி அறிவித்தல் தேவையில்லை.

அன்புவழிபுரம் என்று ஊருக்குப் பெயரிட்ட மண் இது. அன்பின் வழி என்பது விரும்பிய உயிரைக் கைக்குள் வைத்திருப்பதன்று என்பதை அடுத்த தலைமுறைக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டும். மேல்மாடியில் ஒரு கூண்டு எழுவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொடுத்தால், விடுதலைக்காக மன்றாட வேண்டிய இன்னொரு சின்னத் தாமரை எமது மண்ணில் இருக்காது.